சாவி யார் கையில்? ‘பாஸ்’ லினக்ஸின் பலமும் பலவீனமும்

(திண்டுக்கல்லில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து நடத்தும் படிப்பகத்தின் பொதுக்குழுவில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையின் வாசகம்)



இன்று நமது பொதுக்குழுவின் முன்னால் இருக்கும் விஷயம் சிறியதுதான். ஆனால் அதில் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது. அதுவும் உங்கள் கூலிப் பணம். ஆகவே விவரமாகப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

நமது படிப்பகத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒன்றில் பி.எப்., கிராஜுவிட்டி, கூலி பாக்கி மனுக்களைத் தயாரிக்கிறோம். இன்னொன்றில் நோட்டீசும் துண்டுப் பிரசுரமும் தயாராகின்றன. மூன்றாவது, வேடசந்தூர் பக்கத்து மில் தொழிலாளி ஒருவரின் மகள், தன் படிப்பு முடிந்ததும் நமக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அதில் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

முதல் இரண்டிலும் ஓடுவது விண்டோஸ் 10. அதற்கு அளித்துவந்த பராமரிப்பை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு ஓராண்டு நீட்டிப்பு என்று ஒன்று வைத்தார்கள். அது பிரச்சினையைத் தள்ளிப்போடுமே தவிர, தீர்க்காது. மடிக்கணினியில் இருப்பது விண்டோஸ் 7. அதற்கு 2020 ஜனவரியிலேயே பராமரிப்பு முடிந்துபோயிற்று. பராமரிப்பு என்றால் என்ன? மென்பொருளில் ஓட்டை கண்டால் அடைத்துக் கொடுப்பது. அது நின்றுபோனால் ஓட்டை திறந்தே கிடக்கும்; திருடன் வருவான்.

சரி, விண்டோஸ் 11 போடலாமே? நம்முடைய இயந்திரங்களை அது ஏற்றுக்கொள்ளாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், அவர்கள் பட்டியலில் உள்ள புதிய பிராசஸர் வேண்டும் என்பது நிபந்தனை. இயந்திரம் ஓடுகிறது, திரை தெரிகிறது, கட்டைகள் அடிக்கின்றன. ஆனாலும் “பழசு, மாற்று” என்கிறது கம்பெனி. நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளியைப் பார்த்து மில் நிர்வாகம் பேசுகிற அதே பேச்சுத்தான் இது!

இதிலே நமக்குள் இரண்டு அபிப்பிராயங்கள் எழுந்திருக்கின்றன. வசூல் செய்து மூன்று புதிய கம்ப்யூட்டர்கள் வாங்குவோம் என்பது ஒன்று. நம்மில் ஒருவருடைய மூன்று மாதச் சம்பளம் ஒரு கம்ப்யூட்டருக்கே போய்விடும். “காசே வேண்டாம், அரசாங்கத்தின் பாஸ் லினக்ஸ் இலவசமாக இருக்கிறது, அதைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்பது இளந்தோழர்களின் அபிப்பிராயம். நிர்வாகக் குழு இதைப் பரிசீலித்துச் சொல்லும்படி என்னிடம் ஒப்படைத்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன், நிபுணன் அல்ல. நான்கு மாதம் அந்தப் பழைய மடிக்கணினியில் பாஸைப் போட்டுப் பழகிப் பார்த்தேன். கண்டதைச் சொல்லுகிறேன்.

நூல் ஒன்று, துணி பல

முதலில், லினக்ஸ் என்றால் என்ன?

கம்ப்யூட்டரின் இரும்பையும் சில்லுகளையும் வேலை வாங்குவதற்கு ஒரு மூல மென்பொருள் வேண்டும். விண்டோஸ் அப்படிப்பட்டது. லினக்ஸும் அப்படிப்பட்டதே. 1991-ம் வருஷம் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் அதை எழுதத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1983-ல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், மென்பொருளை யாரும் பூட்டி வைக்கக்கூடாது என்று அறிவித்து ‘குனு’ என்ற வேலையை ஆரம்பித்திருந்தார். இரண்டும் சேர்ந்தன.

லினக்ஸ் என்பது நூல் மாதிரி. நமது மில்களில் நூற்கிற நூலை அப்படியே யாரும் உடுத்திக்கொள்ள முடியாது. சின்னாளபட்டியில் ஒருவர் அதைச் சேலையாக நெய்கிறார். வேறொருவர் வேட்டியாக நெய்கிறார். அதுபோல லினக்ஸ் என்ற நூலை எடுத்து, எழுதும் மென்பொருள், கணக்கு மென்பொருள், இணையம் பார்க்கும் மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்து, உபயோகத்துக்குத் தயாரான துணியாகப் பலர் பலவிதமாகத் தருகிறார்கள். இந்தத் துணி ஒவ்வொன்றுக்கும் ‘வழங்கல்’ என்று பெயர். டெபியன் ஒரு வழங்கல், 1993-ல் தொடங்கியது, உலகெங்குமுள்ள தொண்டர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். உபுண்டு 2004-ல் டெபியனிலிருந்து பிறந்தது. நமது பாஸும் டெபியனிலிருந்து வந்ததுதான்.

பாஸ் பிறந்த இடம் சென்னை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, திறந்த மென்பொருளுக்கான தேசிய மையம் ஒன்றை 2005-ல் அமைத்தன. அதன் வேலையாக 2007 ஜனவரியில் பாஸின் முதல் பதிப்பு வெளிவந்தது. இப்போது பத்தாம் பதிப்புவரை வந்துவிட்டது.

இது ஏதோ ஆராய்ச்சிக்கூடத்து விளையாட்டு என்று நினைக்காதீர்கள். உங்கள் மடியிலிருக்கும் ஆண்ட்ராய்டு செல்போனுக்கு உள்ளே ஓடுவது லினக்ஸ்தான். உலகத்தின் மிகப் பெரிய 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன.

பலம் என்ன?

ஒன்று: இதற்கு விலையில்லை. ஒரு பென்-டிரைவில் ஏற்றிக்கொண்டால் ஒரு கம்ப்யூட்டரிலும் போடலாம், நூறிலும் போடலாம். திருட்டு அல்ல, சட்டமே அனுமதிக்கிறது.

இரண்டு: விலையைவிடப் பெரிய விஷயம் உரிமை. நம்ம ஊர்ப் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் பூட்டு என்றால் நாடறியும்; 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு வாங்குகிறவன் சாவியையும் சேர்த்தே வாங்குகிறான். “பூட்டு உனக்கு, சாவி எனக்கு, வீட்டுக்குள் போக வேண்டுமானால் என்னைக் கேள்” என்று ஒரு பட்டறைக்காரர் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? விண்டோஸ் அப்படிப்பட்ட வியாபாரம். அதன் மூல எழுத்து கம்பெனியின் பெட்டிக்குள் இருக்கிறது. எதுவரை ஓடலாம் என்று தேதி குறிப்பதும் கம்பெனியே. லினக்ஸில் மூல எழுத்து வெட்டவெளியில் கிடக்கிறது. யாரும் உபயோகிக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகளும் எழுத்தில் இருக்கின்றன.

“பெரிய கம்பெனிகளும் லினக்ஸுக்கு வேலை செய்கின்றனவே?” என்று ஒரு தோழர் கேட்டார். உண்மைதான். அவை சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்துச் செய்கின்றன. தங்களுக்கு லாபமில்லாமல் செய்யவில்லை. ஆனால் லினக்ஸின் மையத்தைத் திருத்தி வெளியே கொடுக்கிறவர், அந்தத் திருத்தத்தின் மூலத்தையும் கொடுத்தாக வேண்டும் என்று உரிமப் பத்திரம் கட்டுப்படுத்துகிறது. ஊர்ப் பொதுக் கிணற்றில் பண்ணையாரும் தண்ணீர் எடுக்கலாம். வேலி போட முடியாது.

மூன்று: தமிழ். பாஸைப் போட்டதுமே தமிழில் படிக்கலாம், தமிழில் அடிக்கலாம். தமிழக அரசு 1999-ல் அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. எழுதவும் கணக்குப் போடவும் லிபர் ஆபீஸ் கூடவே வருகிறது.

நான்கு: டெபியன் என்ற பலமான அஸ்திவாரம். 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் அந்தக் களஞ்சியத்தில் இருக்கின்றன. கடைக்காரரிடமோ கண்ட இணையதளத்திலோ வாங்கிப் போட வேண்டியதில்லை.

ஐந்து: வைரஸ் தொல்லை குறைவு. குறைவு என்றுதான் சொல்லுகிறேன். இல்லை என்று சொல்லவில்லை. சாதாரண உபயோகிப்பாளர், நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாமல் அமைப்பின் உள்பகுதியில் கை வைக்க முடியாது.

இதன் அருமை நமக்குத் தெரியும். எப்படி என்றால், இங்கே ஒரு சுயவிமர்சனம் செய்துகொள்ள வேண்டும். சென்ற வருஷம் நமது மனுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. கிராஜுவிட்டி கேட்டு 43 பெண் தொழிலாளர்களின் வேலைக்காலப் பட்டியலைச் சேர்த்து வைத்திருந்தோம். எந்த வருஷம் சேர்ந்தார், எத்தனை நாள் வேலை, எந்த ஷிப்டு என்று ஆறு மாதம் அலைந்து எடுத்த பட்டியல். ஒரே இரவில் போயிற்று. வடமதுரையிலும் அய்யலூரிலும் மறுபடி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினோம். இரண்டு பேர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். அவர்களை இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களுக்குச் சேர வேண்டிய பணம் நம்முடைய அலட்சியத்தால் நிற்கிறது. காப்பி விண்டோஸ் போட்டோம். பராமரிப்பு இல்லாமல் ஓட்டினோம். பட்டியலுக்கு ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லை. குற்றம் வேறு யாருடையதும் அல்ல, நம்முடையது.

குறை என்ன?

பலத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன்.

முதல் குறை: சில வேலைகள் இதில் நடக்காது. நமது நோட்டீசுகள் எல்லாம் பேஜ்மேக்கரில், பழைய எழுத்துருக்களில் தயாரானவை. பேஜ்மேக்கர் லினக்ஸில் ஓடாது. பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றினால்தான் வேறு இடத்தில் ஒழுங்காகப் படிக்க முடியும். பதிலுக்கு ஸ்கிரைபஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் நமது தோழருக்கு அது கைவர நாளாகும். டாலியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் இதே கதைதான்; டாலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது.

இரண்டாவது: பிரிண்டர். பல பிரிண்டர்கள் உடனே வேலை செய்கின்றன. சில மாதிரிகளுக்கு, செய்த கம்பெனி லினக்ஸுக்கு ஒழுங்காக எதுவும் கொடுப்பதில்லை. நமது பிரிண்டருடன் நான் மூன்று மாலைகள் மல்லுக்கட்டினேன்.

மூன்றாவது: தமிழாக்கம் சீராக இல்லை. மேலே பார்த்தால் தமிழ், உள்ளே நுழைந்தால் பாதி இங்கிலீஷ். இருக்கிற தமிழிலும் சில சொற்கள் கரடுமுரடானவை. பிள்ளைகளே “இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார்கள், எனக்கும் தெரியவில்லை.

நான்காவது: பாஸ் எப்போதும் டெபியனுக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும். டெபியன் சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒரு பதிப்பு போடுகிறது. அதை எடுத்து மாற்றித் தர சி-டாக்குக்குக் காலம் வேண்டும். உபயோகிப்பவர்கள் குறைவு, ஆகவே சந்தேகம் கேட்டால் பதில் சொல்லுகிறவர்களும் குறைவு. உபுண்டுவிலோ டெபியனிலோ ஒரு சிக்கல் என்றால், உங்களுக்கு முன்பே ஆயிரம் பேர் அதில் மாட்டி, வழி கண்டு எழுதி வைத்திருப்பார்கள்.

“நமது சுதேசி இயங்குதளம்” என்று பெருமை பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதன் பெரும்பகுதி உலகத் தொண்டர்களின் உழைப்பு. அதைத் தமிழுக்கும் மற்ற இந்திய மொழிகளுக்கும் பொருத்திக் கொடுத்ததே நம்மவர்களின் பங்கு. அது நல்ல பங்கு. அதற்குமேல் பெரிதாக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது: பழைய இயந்திரம் என்றால் எல்லாப் பழசும் என்று எண்ண வேண்டாம். மிகப் பழைய 32-பிட் கம்ப்யூட்டர்களில் புதிதாக நிறுவும் வசதியை டெபியனே 2025 ஆகஸ்டில் வந்த 13-ம் பதிப்போடு கைவிட்டுவிட்டது. நல்ல வேளை, நம்முடைய மூன்றும் 64-பிட்.

ஆறாவது குறைதான் பெரிய குறை. இதைப் பழுது பார்க்க ஆள் இல்லை. திண்டுக்கல் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் ஏறி இறங்கினேன். “லினக்ஸா? அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன்” என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

மடிக்கணினியின் கதை

இந்த இடத்தில் அந்த மடிக்கணினியின் கதையைச் சொல்ல வேண்டும்.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ந் தேதி விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப்பின் வந்த வருஷங்களில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் கைகளுக்கு மடிக்கணினி போய்ச் சேர்ந்தது. தொடக்கத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸும் இருந்தது. பாஸ் லினக்ஸும் இருந்தது. அதாவது சாவியோடு கூடிய பூட்டு அன்றைக்கே நமது பிள்ளைகளின் கையில் வந்துவிட்டது!

அந்தப் பெண்ணைக் கேட்டேன்: “அம்மா, இதில் பாஸ் இருந்திருக்குமே, என்ன ஆயிற்று?” அவள் சொன்னாள்: “அண்ணே, அது என்னன்னே எங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்திலயும் சொல்லித் தரலை. கடையில கொடுத்தப்ப, எடத்த அடைக்குதுன்னு அழிச்சிட்டாங்க.”

தோழர்களே, இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தேவையில்லை.

நமது மாநிலத்தில் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2006-க்குப் பிறகு, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பிலிருந்த காலத்தில், எல்காட் நிறுவனம் தன் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. 2008-ல் அவர் மாற்றப்பட்டார், வேகமும் போயிற்று. ஓர் அதிகாரியின் தோளில் மட்டும் நின்ற காரியம், அவர் நகர்ந்ததும் சரிந்தது.

மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிகளில் சுமார் 2007 முதல் லினக்ஸ்தான். அவர்கள் இன்று உபயோகிப்பது உபுண்டுவை வைத்துச் செய்த வழங்கல். அதுவும் டெபியன் வம்சம், பாஸும் டெபியன் வம்சம். நூல் ஒன்றுதான். பிறகு ஏன் அங்கே நிலைத்தது, இங்கே அழிந்தது? அங்கே முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மலையாளத்தில் பாடப் புத்தகம் எழுதினார்கள். பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வையே அதில் நடத்தினார்கள். பழுது வந்தால் யாரிடம் போவது என்பதற்கும் ஏற்பாடு செய்தார்கள். இங்கே இயந்திரத்தைக் கொடுத்தார்கள், ஆளைத் தயாரிக்கவில்லை.

குளம் பொதுவாக இருந்தால் மட்டும் போதாது. குடிமராமத்து செய்ய ஆள் வேண்டும். வண்டல் எடுக்காத பொதுக் குளம் மேடிட்டுப் போகும். மேடானதும் யாராவது வளைத்துக்கொள்வான். பாஸுக்கு நமது மாநிலத்தில் நடந்தது அதுதான்.

என்ன செய்யலாம்?

நேற்று நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தாயார், பூப்பறிக்கும் வேலை செய்பவர், என்னிடம் கேட்டார்: “தம்பி, எனக்கு இந்த லினக்ஸு கினக்ஸு எல்லாம் புரியாது. எம் பேரு அந்தப் பொட்டிக்குள்ள பத்திரமா இருக்குமா? அதச் சொல்லு.”

நான் படித்த எல்லாவற்றையும்விடச் சரியான கேள்வி இதுதான். அதற்கு நான் சொன்ன பதில்: “அக்கா, பெட்டியை மாத்திட்டா மட்டும் இருக்காது. பெட்டியைப் பாத்துக்க நாலு பேர் இருந்தா இருக்கும்.”

ஆகவே புதிய கம்ப்யூட்டர்களுக்கு வசூல் வேண்டாம் என்பது என் கருத்து. பாஸைப் போட்டால் எல்லாம் தானாகச் சரியாகும் என்பதையும் நான் ஏற்கவில்லை. கீழ்க்கண்ட தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

1. பிள்ளைகள் படிக்கும் மடிக்கணினியில் பாஸ் இருக்கட்டும். மனுக் கம்ப்யூட்டரிலும் பாஸைப் போடுவோம். அதற்கு முன் பென்-டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிரிண்டரும் நெட்டும் வேலை செய்கின்றனவா என்று சோதிப்போம். பாஸில் முட்டினால் டெபியனையே நேராகப் போடுவோம். பெயரில் நமக்குப் பிடிவாதமில்லை.

2. நோட்டீசுக் கம்ப்யூட்டர் இப்போதைக்கு விண்டோஸிலேயே இருக்கட்டும். அதை நெட்டோடு இணைக்கக் கூடாது. ஒரு வருஷத்துக்குள் பழைய நோட்டீசுகளை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, அதையும் மாற்றுவோம்.

3. தொழிலாளர் பட்டியல்களை, எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய திறந்த வடிவத்தில் சேமிப்போம். வாராவாரம் இரண்டு நகல்: ஒன்று படிப்பகத்தில், ஒன்று செயலாளர் வீட்டில்.

4. நான்கு பேர் கற்றுக்கொள்ள வேண்டும். மில்லிலிருந்து இரண்டு பேர், கிராமங்களிலிருந்து இரண்டு பேர். அவர்களில் இருவராவது பெண்களாக இருக்க வேண்டும். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம். போடவும், அழிக்கவும், பழுது பார்க்கவும், பிறகு இன்னும் நான்கு பேருக்குச் சொல்லித் தரவும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

5. நம்மிடம் உள்ள சொற்ப நிதியைக் கம்ப்யூட்டருக்குச் செலவிட வேண்டாம். ஊரைவிட்டுப் போன அந்த இரண்டு பெண் தொழிலாளர்களைத் தேடிப் போகும் பஸ் செலவுக்கு வைத்துக்கொள்வோம்.

நான்காவது அம்சம் நிறைவேறாவிட்டால் மற்ற நான்கும் வீண். அப்படியானால் மூன்று வருஷத்தில் நமது பாஸையும் ஏதோ ஒரு கடையில் “எடத்த அடைக்குது” என்று அழித்துவிடுவார்கள். அன்றைக்கும் குற்றம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

பூட்டுச் செய்யும் ஊர் நம்முடைய ஊர். நல்ல பூட்டு எது என்று தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். உறுதியான பூட்டு மட்டும் போதாது, பழுது வந்தால் நமது பட்டறையிலேயே பிரித்துப் பூட்டத் தெரிய வேண்டும் என்பான். பாஸ் லினக்ஸ் நமக்குச் சாவியைக் கொடுக்கிறது. திறக்கத் தெரிந்த கையை யாரும் இலவசமாகக் கொடுக்க மாட்டார்கள். அதை நாம்தான் பழக்கியாக வேண்டும்.

தீர்மானத்தின் மீது உங்கள் அபிப்பிராயங்களைத் தயங்காமல் சொல்லுங்கள். அந்த நான்கு பேர் யார் என்பதை முடிவு செய்துவிட்டு இன்றைக்குக் கலைவோம்.